தரையில் படாத துடைப்பம்

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளை நான்கு வருடமாகப் படித்துவருகிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. பெங்களூர் வைட்ஃபீல்டில் 14வது மாடியில் குடியிருக்கிறோம். கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பேகன் வழிபாட்டைப் பற்றி (கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழக்கங்களைத் தழுவிய இயற்கை வழிபாடு) படிக்க ஆரம்பித்தேன். எனக்குக் கோவிலில் வராத ஒரு அமைதி அதில் வந்தது. மூன்று வருடமாக அவர்களுடைய ஆண்டுச் சக்கரத்தின் எட்டுப் பண்டிகைகளையும் பால்கனியில் ஒரு சின்ன மேடை போட்டுக் கொண்டாடுகிறேன். சாவின், யூல், இம்போல்க், ஒஸ்டாரா, பெல்டேன், லீதா, லூனசா, மாபன்.

பிரச்சினை என்னவென்றால் எதுவும் ஒட்ட மாட்டேன் என்கிறது. பிப்ரவரி 1 அன்று இம்போல்க். வெள்ளை மெழுகுவர்த்தி ஏற்றி, கிண்ணத்தில் பால் வைத்து, "பனி உருகுகிறது, நிலம் விழிக்கிறது" என்று சொல்கிறேன், வெளியே 30 டிகிரி வெயில். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போன வருடம் மே 1 பெல்டேன் அன்று அதைவிட மோசம். மழை பெய்து, ஈசல் கூட்டமாக உள்ளே வந்து மெழுகுவர்த்தியில் விழுந்து, சடங்கையே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தி மருந்தடிக்க வேண்டியதாகிவிட்டது. ஆகஸ்ட் 1 அன்று அறுவடைப் பண்டிகையான லூனசாவுக்கு ரொட்டி சுடுகிறேன், அதுவும் ஏதோ சமையல் வகுப்பு மாதிரி இருக்கிறது.

ஒரு தோழி, பருவம் தலைகீழாக வருகிற ஆஸ்திரேலியக்காரர்கள் மாதிரி ஆறு மாதம் தள்ளிக் கொண்டாடு என்கிறாள். இன்னொருவர் இது பண்பாட்டுத் திருட்டு என்கிறார். அலுவலக நண்பர் "நம்ம ஊரில் இல்லாததா" என்று கேட்கிறார். பொங்கலுக்கு வந்திருந்த மாமியார் (தர்மபுரி பக்கம்) மேடையையும், சடங்குக்காக நான் 2,800 ரூபாய்க்கு வரவழைத்த துடைப்பத்தையும் பார்த்துவிட்டு, "அந்தச் சூனியக்கட்டையைத் தூக்கிப் போட்டாயா" என்று தினமும் போனில் கேட்கிறார். சடங்கு செய்யும் வட்டத்தைச் சுத்தப்படுத்துவதற்கான துடைப்பம் அது, தரையில் படாமல் வீசிப் பெருக்க வேண்டும்.

நான் எந்தத் தேதிகளைப் பின்பற்றுவது? நான் செய்வது போலியா?

ர.,
வைட்ஃபீல்டு


அன்புள்ள ர.,

இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆன்மிகக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, ஆசையும் கிடையாது. ஆனால் கடைசியில் அந்தத் துடைப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். நான் ஒன்பது நாளாகத் துடைப்பத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் ஒன்பது நாளாக அது என் கையில் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தின் வாசலில் ஒரு புங்கமரம் நிற்கிறது. மாடிவீட்டுக்காரர் ஒருவர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். தை பிறந்தால் புங்கமரம் என்ன செய்யும், இலையைக் கொட்டும். கார்மேல் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். "குப்பை சார், வருஷம் பூரா ஒரே குப்பை, இப்ப இலை, அப்புறம் பூ, அப்புறம் காய்" என்று அவர் அடுக்கினார். மனுஷன் திட்டுவதற்காகச் சொன்னாலும் வரிசையைச் சரியாகச் சொன்னார் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. கர்நாடகாவில் 1976லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் இதை வெட்ட முடியாது என்று நான் கத்தினேன். "அப்ப நீங்களே தினமும் பெருக்குங்க" என்றார் அவர். சரி என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். 61 வயதில் குனிந்து பெருக்கினால் இடுப்பு என்ன ஆகும் என்பதைச் சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

இந்த லட்சணத்தில் இருந்தவனுக்குத்தான் "தரையில் படாமல் வீசிப் பெருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தாயே!

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன்.

திருட்டு என்று சொன்னவரை விட்டுத் தள்ளுங்கள். அவர் இந்த ஊரில் இருப்பவர் என்றால் ஒருநாள் கப்பன் பார்க் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் "பெங்களூர்ப் பருவம்" என்று போட்டோ எடுத்துப் போடுகிறோமே, அந்த ரோஸ் டபீபுயா தென் அமெரிக்கா பக்கத்தது, ஜக்கரண்டாவும் அப்படித்தான், மே ஃப்ளவர் என்று நாம் சொல்லும் சிவப்புப் பூ மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி மரம்கூட வெளியூர். ஒன்று உதிர்ந்தால் இன்னொன்று பூக்கிற மாதிரி தெருவுக்குத் தெரு மரத்தைத் தேர்ந்து வைக்க வேண்டும் என்ற யோசனையை இங்கே பரப்பியவர் கிரும்பிகல் என்ற ஜெர்மன்காரர். லால்பாக்கைப் பார்த்துக்கொண்டவர், 1956ல் இந்த ஊரிலேயே செத்தார். பெங்களூரின் பூக்காலமே இறக்குமதிச் சரக்கு. நீங்கள் எட்டு மெழுகுவர்த்தி இறக்குமதி செய்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

போலியா என்றால், அந்த எட்டு ஆரச் சக்கரத்துக்கு வயது சுமார் 70தான், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951ல் நீங்கியது, அந்தப் பத்தாண்டில்தான் நவீனச் சூனிய வழிபாட்டைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஓய்வுபெற்ற அதிகாரியின் வட்டமும், புது ட்ரூயிட்களில் (பழைய கெல்ட் பூசாரிகளின் வழியைப் புதுப்பித்தவர்கள்) ஒருவரான ராஸ் நிக்கல்ஸும் அயர்லாந்துப் பக்கத்து நான்கு பழைய கெல்ட் நாட்களையும் நான்கு சூரிய நாட்களையும் சேர்த்து எட்டாக்கினார்கள். மாபன், லீதா, ஒஸ்டாரா என்ற பெயர்களை ஒட்டியவர் 1970களில் ஒரு அமெரிக்கர். (சாவின் பழைய பெயர்தான். செத்தவர்களை நினைக்கும் நாளுக்குச் சாவின் என்று பெயர் வைக்க ஒரு தமிழனால்கூட முடிந்திருக்காது.) அதனால் போலி என்று நான் சொல்ல மாட்டேன். 1898ல் இந்த ஊரில் பிளேக் வந்தது, கூடவே பிளேகம்மா என்று ஒரு சாமியும் வந்தாள், இன்னும் அவளுக்குக் கோவில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு எரிகிறது. அவளிடம் போய் உன் பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

ஆறு மாதம் தள்ளச் சொன்ன தோழியிடம் ஒரே ஒரு கணக்கைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் நிற்கிற இடத்தில் டிசம்பர் 21 அன்று பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, ஜூன் 21 அன்று பதினாறு மணி நேரத்தைத் தாண்டும். நான்கு மணிக்கு இருட்டுகிற ஊர்க்காரன் சூரியன் திரும்பி வருமா என்று பயந்து நெருப்பு மூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. பெங்களூரில் வருடத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். நீங்கள் பயப்படவும் இல்லை, சூரியன் எங்கேயும் போகவும் இல்லை. அதை ஆறு மாதம் தள்ளிவைத்தால் மட்டும் பயம் வந்துவிடுமா? பதிலுக்கு, அந்த ஸ்டோன்ஹெஞ்ச் ஊரில் கனவிலும் நடக்காத ஒன்று இங்கே வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் மதியம் பன்னிரண்டேகாலை ஒட்டி சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிமிர்த்தி வைத்த செம்புக்கு நிழலே இல்லாமல் போகும். கோரமங்களாவில் வானியல்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைக் காட்டுகிறார்கள். உங்கள் பால்கனியில் அதற்கு ஒரு மெழுகுவர்த்தி உண்டா?

"நம்ம ஊரில் இல்லாததா" என்ற நண்பருக்கும் ஒரு குட்டு. அவர் தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார். சூரியன் திரும்பி அப்போது மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்ல ஆடுவதால் சுமார் 72 வருடத்துக்கு ஒருநாள் என்ற கணக்கில் நம் பஞ்சாங்கமும் வானமும் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆக அவரும் காலண்டரைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார், நீங்களும் காலண்டரைப் பார்த்துத்தான் கும்பிடுகிறீர்கள். உங்கள் காலண்டர் கொஞ்சம் விலை அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இம்போல்க் என்றால் என்ன? நீங்கள் மூன்று வருடமாகக் கொண்டாடுகிறவர், என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லுக்கு வயிற்றில் என்று பொருள் சொல்கிறார்கள், அதாவது ஆட்டின் வயிற்றில் குட்டி. அயர்லாந்தில் குளிர் இன்னும் விடாத பிப்ரவரியில் செம்மறியின் மடியில் பால் கட்ட ஆரம்பிக்கும் நாள் அது. யாரோ ஒரு கிழவி காலையில் பட்டியில் குனிந்து, ஆட்டின் மடியைக் கையால் தொட்டுப் பார்த்து, அடடா இறங்கிவிட்டது என்று சொன்னதுதான் அந்தப் பண்டிகை. பெல்டேன் என்றால் மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு நெருப்புக்கு நடுவே நடத்துவது. இதோ இங்கே மண்டியா, மைசூர், ராம்நகர் பக்கம் சங்கராந்தி சாயங்காலம் மாட்டைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி எரிகிற வைக்கோலைத் தாண்ட வைக்கிறார்கள், கிச்சு ஹாயிசோது என்பார்கள். இங்கிருந்து அங்கே போனதா அங்கிருந்து இங்கே வந்ததா என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால் அடித்துத் துரத்துங்கள். மாடு வைத்திருக்கிறவனுக்கு உண்ணியும் உண்டு, பயமும் உண்டு, நெருப்பும் உண்டு, எந்த ஊரானாலும்.

எல்லாம் யாரோ ஒருத்தருடைய வேலை. மடி பார்க்கிற வேலை, அறுக்கிற வேலை, மாடு ஓட்டுகிற வேலை. அந்த வேலையைக் கழற்றி வைத்துவிட்டு, அதில் மிச்சமிருந்த மெழுகுவர்த்தியை மட்டும் கூரியரில் வரவழைத்தால் அது ஒட்டுமா? உங்களுக்குச் சிரிப்பு வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிரிப்பு மேல் எனக்கு மரியாதை வந்தது. அது வராதவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் அந்த ஈசலுக்கு நீங்கள் செய்ததை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பெல்டேன் என்பது கூடலின் பண்டிகை என்று உங்கள் புத்தகங்களிலேயே இருக்கும். ஆணும் பெண்ணும், பூவும் வண்டும், அது இது என்று. அன்றைக்கு மழை பெய்து முடிகிறது. வருடம் முழுக்க மண்ணுக்குள் கண் தெரியாமல் கிடந்த கறையான் புற்றிலிருந்து, சிறகு முளைத்த ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அவற்றின் வாழ்க்கையில் பறப்பது அந்த ஒரு தடவைதான். வெளிச்சத்தைத் தேடி வந்து, விழுந்து, சிறகைத் தாமே உதிர்த்துவிட்டு, ஜோடி ஜோடியாக ஒன்றின் பின்னால் ஒன்று ஓடி ஈர மண்ணைத் தேடும். கல்யாண ஊர்வலம் அம்மா அது! 14வது மாடி வரைக்கும், நீங்கள் ஏற்றிய அந்த விளக்கைப் பார்த்தே வந்திருக்கிறது. மூன்று வருடத்தில் உங்கள் அழைப்பை ஏற்று வந்த ஒரே தெய்வத்தை மருந்தடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

மறுநாள் காலையில் தரையெல்லாம் கிடந்திருக்குமே, கண்ணாடித்தாள் மாதிரி இறகுகள். அதை யார் பெருக்கினார்கள்? நீங்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஈசல் இறகைப் பெருக்கியவர்கள் அதைச் சும்மா விட மாட்டார்கள், எழுதியிருப்பார்கள், ஏனென்றால் அதைப் பெருக்கவே முடியாது. துடைப்பம் கிட்டே போனாலே அந்தக் காற்றில் எழும்பி ரெண்டு அடி தள்ளி உட்கார்ந்துகொள்ளும். ஈரத்துணி போட்டு ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுத்தது என் அம்மா.

மர்ஃபி டவுனில் எங்கள் வீடு. அம்மா கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. பெயர் வேண்டாம், பள்ளி இன்னும் இருக்கிறது. பெரிய மைதானம், நடுவில் நான்கு தூங்குமூஞ்சி மரங்கள். நான்கு என்று சாதாரணமாக எழுதிவிட்டேன், ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நிழல் தரும். காலை எட்டரைக்கு மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதற்குள் அந்த இடம் முழுக்கப் பெருக்கியாக வேண்டும். ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவாள், லீவு நாளிலும் மரம் லீவு எடுக்காது இல்லையா, அன்றைக்கும் கிளம்புவாள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் நானும் கூடப் போனேன்.

அவள் துடைப்பத்தை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். கடையில் வாங்கிய தென்னங்குச்சித் துடைப்பத்தை அப்படியே எடுத்துப் பெருக்க மாட்டாள். கட்டை அவிழ்ப்பாள், இரண்டை ஒன்றாகச் சேர்ப்பாள், பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மேலே ஒன்று கீழே ஒன்று என்று இறுக்குவாள். அப்புறம் கருங்கல் படியில் அடிக்கட்டையை டக் டக்கென்று குத்துவாள், துருத்திக்கொண்டிருக்கிற குச்சியெல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும் வரைக்கும். குத்திக்கொண்டே நுனியைப் பார்ப்பாள், தலைவாரிவிட்ட பெண்ணைத் தள்ளி நிறுத்திப் பார்க்கிற மாதிரி. ஒரு மாதத்தில் நுனி ஒருபக்கமாகச் சாய்ந்து தேயும், அது அவள் கைவாகு. வேறு யாராவது அதை எடுத்துப் பெருக்கினால் வராது.

அவளுக்குக் காலண்டர் படிக்கத் தெரியாது. தை கடைசியில் இலை. தூங்குமூஞ்சியின் இலை பொடிப் பொடியாக இருக்கும், காய்ந்திருந்தால் சரசரவென்று ஓடிவிடும், ஒரு தூறல் போட்டால் தீர்ந்தது, தரையோடு ஒட்டிக்கொள்ளும், நகத்தால் சுரண்ட வேண்டும். மாசியில் நெற்று. கறுப்பாக, உள்ளே பிசுபிசுவென்று வெல்லப்பாகு மாதிரி. அதைக் கல்லால் நசுக்கி உருட்டிக் காயவைத்து நாங்கள் கிரிக்கெட் பந்து செய்வோம், ஒரு நாள் ஆட்டத்துக்குத் தாங்கும். சித்திரையில் பூ, பாதி ரோஸ் பாதி வெள்ளை, சலூன்காரர் சோப்பு போடுகிற பிரஷ் மாதிரி. அதற்குப் பிறகு புரட்டாசி வரைக்கும் மழை, மழையில் முறிந்த சுள்ளி. சுள்ளியை மட்டும் தனியாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவோம், அடுப்புக்கு. அவள் அண்ணாந்து பார்த்து நான் கண்டதே இல்லை. குனிந்தபடியே, "இன்னும் எட்டு நாள்ல பூ வந்துரும்டா" என்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், துடைப்பம் சொல்லுது என்பாள். பருவம் அவளுக்குக் கீழேயிருந்துதான் வந்தது.

மரத்தோடு பேசுவாள் என்று சொன்னால் நீங்கள் உடனே குறித்துக்கொள்வீர்கள் என்று தெரியும், அதனால் என்ன பேசினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் வசவு. பெருக்கி முடித்து நிமிரும்போது ஒரு காற்று அடித்துப் பத்துப் பூவைப் போடும். "ஏண்டி, உனக்கு இவ்வளவு நேரம் என்னடி நோவு, அப்பவே போட்டுத் தொலைச்சிருக்கலாம் இல்ல" என்பாள், நாத்தனாரிடம் பேசுகிற குரலில். வழிபாடு என்று அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும்.

ஒரு சித்திரையில் ராத்திரி முழுக்கக் கல்மழை. விடிந்து போனால் மைதானம் முழுக்க ரோஸ் கலரில் பசை காய்ச்சி ஊற்றியது மாதிரி. பூ மொத்தமும் உதிர்ந்து நைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. நானும் அவளும் எட்டரை வரைக்கும் சுரண்டினோம், பாதி முடிந்தது. அன்றைக்கு யாரோ பெரிய மனிதர் வருவதாக இருந்தது போல. அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆபீஸ் அம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், அம்மாவுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. நான் அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அந்த வருடத்திலிருந்து நான் கூடப் போவதை நிறுத்திக்கொண்டேன். அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டவர்களிடம் பள்ளிக்கூட ஆபீஸில் என்று சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான். உங்களைத் திட்டுகிறவனின் யோக்கியதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்குப் பள்ளியில் டைப்ரைட்டருக்குக் குங்குமம் வைப்பார்கள், வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வெண்கல மணிக்கு மாலை. துடைப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாது. அம்மா எல்லோரும் பொரி கடலை வாங்கிக்கொண்டு போன பிறகு, மூன்றாவது மரத்துக்குப் பின்னால் போய், கழுவி வைத்த துடைப்பத்தை வேரில் சாய்த்து, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, ஒரு சாமந்தியைக் குச்சிக்குள் செருகுவாள். கற்பூரம் ஏற்ற மாட்டாள், மரத்துக்குச் சூடு ஆகாது. ஒரு நிமிடம் நிற்பாள். அன்றைக்கு முழுக்க அந்தத் துடைப்பத்தைத் தொட மாட்டாள், இலை கொட்டினால் கொட்டட்டும்.

2,800 ரூபாய்த் துடைப்பத்தைத் தரையில் படாமல் வீசுகிறீர்களே, அதில் நான் குற்றம் காண்பது விலையை அல்ல. தரையில் படாததைத்தான். நீங்கள் படித்த கிராமத்துக் கிழவிகளின் வீட்டில் அந்தத் துடைப்பம் பகலெல்லாம் சாம்பலையும் கோழிப் பீயையும் கூட்டிவிட்டுத்தான் ராத்திரி வட்டத்துக்கு வந்திருக்கும். நாளெல்லாம் தரையைத் தொட்ட துடைப்பம் ஒருநாள் தரையைத் தொடாமல் நின்றால் அதற்கு ஒரு கனம் உண்டு, ஆயுத பூஜை அன்று அம்மாவின் துடைப்பத்துக்கு இருந்த மாதிரி. என்றைக்குமே தொடாத துடைப்பம் வெறும் குச்சிக்கட்டு. போய் அதை நனைத்து, டியூப் போட்டு இறுக்கி, படியில் நான்கு குத்துக் குத்திப் பெருக்குங்கள்.

14வது மாடிக்கு இலை வராது என்பீர்கள். கீழே வாருங்கள். காலை ஆறரைக்கு உங்கள் கேட்டுக்கு வெளியே தெரு பெருக்கும் பவுரகார்மிகப் பெண்கள் நீளத் துடைப்பத்தோடு நிற்பார்கள். உங்கள் பகுதியில் இந்த வாரம் எது உதிர்கிறது என்று அவர்களைக் கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம், நிறையப் பேருக்கு வரும். ஒரு வருடம் கேட்டு எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்து எட்டுக்கு மேலேயே வரும். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை நடக்கிறதே, விளைச்சலைத் தின்ற காளைக்கே முதல் கடலையைக் கொடுத்துச் சமாதானம் பேசுகிற திருவிழா, அந்தக் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் அது முடிந்த மறுநாள் விடியற்காலையில் புல் டெம்பிள் ரோட்டுக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள். கணுக்கால் வரைக்கும் கடலைத் தோல். பத்து இருபது பெண்கள் அதைக் குவித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் லூனசா ஆகஸ்டில் ரொட்டியில் இல்லை, அங்கே இருக்கிறது.

தேதி கேட்டிருந்தீர்கள் இல்லையா. எந்தத் தேதியும் வேண்டாம். அப்படி விட மனசு வரவில்லை என்றால் எட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி 1 அன்று மெழுகுவர்த்தியும் ஏற்றுங்கள், நான் என்ன உங்கள் குருவா? அயர்லாந்துக் கிழவிக்கும் என் அம்மாவுக்கும் அந்த மாதத்தில்தான் இடுப்பு அதிகமாக வலித்திருக்கும், அதற்காக ஒன்று ஏற்றினாலும் சரி.

எங்கள் புங்கமரம் நேற்றோடு முழுக்க மொட்டையாகிவிட்டது. இன்று காலை பெருக்க ஒன்றுமே இல்லை. பழக்க தோஷத்தில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், கார்க்காரர் பார்க்கட்டும் என்று சும்மா நான்கு இழுப்பு இழுத்துவிட்டு வந்தேன். மாசியில் தளிர், அப்புறம் பொரி மாதிரி பூ. அவருடைய காருக்கு அப்போது இருக்கிறது.

கடைசியாக உங்கள் மாமியார். அவரை நான் மேலே கண்டுகொள்ளவே இல்லை, தப்பு. தர்மபுரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்காரர் என்றால் பிதுக்கம்பருப்புக் குழம்பு நிச்சயம் தெரிந்திருக்கும், இந்த ஊர்க்காரர்கள் ஹிதகிதபேளே என்பது. இன்று சாயங்காலம் அவர் போன் செய்து சூனியக்கட்டையைப் பற்றிக் கேட்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு இதைக் கேளுங்கள். மார்க்கெட்டில் அவரேக்காய் (நம் மொச்சை) வாங்கும்போது தோலை முகர்ந்து பார்க்க வேண்டும், பனியில் நனைந்த காய்க்கு ஒரு பிசின் வாசனை இருக்கும், கன்னடத்தில் சொகடு என்பார்கள், கையில் ஒட்டினால் சாயங்காலம் வரைக்கும் போகாது. உரித்து, ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. பருப்பு எகிறி எங்கேயோ போய் விழும், தோல் விரலில் நிற்கும். முதலில் மாமியாரை நூறு கொட்டை பிதுக்கச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் நீங்கள். தரையெல்லாம் தோலாகும். துடைப்பம்தான் வீட்டில் இருக்கிறதே.

பனி குறைந்துவிட்டது, காயில் வாசனையும் குறைய ஆரம்பித்துவிட்டது. இந்த வாரம் விட்டால் இனி மார்கழிக்குத்தான்.

அன்புடன்.